மொய் நோட்டை மூடிவிடலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 43 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். சென்னையில் ஐ.டி. வேலை. பிடித்தம் போக மாதம் 1,60,000 ரூபாய் கைக்கு வருகிறது. புறநகரில் சொந்த ஃபிளாட், தவணை 52,000. அப்பா 2017 ஆடியில் மொய் விருந்து வைத்தார். 18 லட்சம் வசூலானது. அதில் 7 லட்சம் அவர் முன்பு செய்தது திரும்பி வந்தது, மீதி 11 லட்சம் புது மொய். அதை வைத்துத் தங்கை கல்யாணக் கடனை அடைத்தார், போர் போட்டார். மறு வருடம் கஜா புயலில் தென்னந்தோப்பு போனது. அப்புறம் கொரோனா. 2021-இல் அப்பா தவறிவிட்டார். இதுவரை 5 லட்சம் திருப்பிச் செய்துவிட்டோம், 6 லட்சம் பாக்கி. அம்மாதான் பஸ் ஏறி ஒவ்வொரு விசேஷத்துக்கும் போய் வருகிறார். சென்னையிலேயே வளர்ந்த என் மனைவி, "இது எப்போதுதான் முடியும்?" என்று கேட்கிறார். தாய்மாமாவோ, "அஞ்சு வருசம் எப்பவோ முடிஞ்சுபோச்சு மாப்ள, வர்ற ஆடியில நீ விருந்து வை, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். ஆறு லட்சத்தையும் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு, இனி சேமிப்பதை மியூச்சுவல் ஃபண்டில் போட நினைக்கிறேன். சரிதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லாம் இருந்தும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஒரு வெறுமை. 240 வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. அம்மாவோடு ஊர் விசேஷத்துக்குப் போய்வந்த வாரம் மட்டும் மனசு லேசாக இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் கனக்கத்தானே வேண்டும்?

பதில்:

நோட்டை மூட வேண்டாம், விருந்தும் வைக்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் கணக்கில் விட்டுப்போன ஒரு பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

மற்ற மாவட்ட வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுவது தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் விசேஷமே இல்லாமல் மொய்க்காகவே விருந்து வைப்பார்கள். பெரும்பாலும் ஆடியிலும் ஆவணியிலும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கிடா வெட்டிச் சோறு போட்டு, ஆளுக்கொரு இடத்தில் நோட்டை விரித்து உட்கார்வார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ரசீது கொடுப்பதும் மெஷினில் பணம் எண்ணுவதும் சகஜம். ஒருவர் வைத்தால் அடுத்த முறை ஐந்து வருடம் கழித்துத்தான். இடைப்பட்ட காலத்தில் தனக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது.

உங்கள் கடிதத்தில் செய்ய வேண்டிய 6 லட்சம் இருக்கிறது. உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. அப்பாவும் அம்மாவும் 5 லட்சம் திருப்பிச் செய்தபோது வாங்கிய தொகையை மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். ஆயிரம் வாங்கிய இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு வைத்திருப்பார்கள். ஆயிரம் பழையதுக்குச் சரியாகிவிடும், ஐந்நூறு புதிதாக ஏறும். அந்த ஐந்நூறுகள் எல்லாம் இப்போது உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. அம்மாவிடம் கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். உங்கள் நிகரக் கடன் நிச்சயம் 6 லட்சத்துக்குக் குறைவுதான்.

இந்தக் கடனை நீங்கள் ஒரு சுமையாகவே எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் அந்த 11 லட்சம் மொய்யாக வராமல் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வந்திருந்தால் மாதம் 22,000 வட்டி மட்டும் போயிருக்கும். அடுத்த வருடமே, 2018 நவம்பர் 16-இல், கஜா கரையேறியது. தோப்பு விழுந்த பிறகும் வட்டிக்காரர் மாதா மாதம் வந்து நின்றிருப்பார். மொய்க்காரர்கள் யாரும் வந்து நிற்கவில்லை. அவர்கள் வீட்டிலும் மரம் விழுந்திருந்தது என்பதும் ஒரு காரணம். எப்படியோ, அப்பா நிலத்தை விற்காமல் தப்பித்ததில் இந்த நோட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் காப்பீடாக இருப்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தொடங்கித் தென்னிந்திய வறட்சிப் பகுதிக் கிராமங்களில் குடும்ப வரவுசெலவைத் தொடர்ந்து குறித்துவைத்தது. அந்தக் கணக்குகளை ராபர்ட் டவுன்சென்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் வருமானம் ஒரு வருடம் சரிந்தாலும் அதன் சாப்பாட்டுச் செலவு அதே அளவுக்குச் சரியவில்லை. ஊரின் மொத்த நிலையோடு சேர்ந்துதான் ஏறி இறங்கியது. ஒரு வீட்டின் இழப்பைக் கடனாகவும் உதவியாகவும் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. முழுமையாக அல்ல, அவர் பார்த்த மூன்று ஊர்களில் ஒன்றில் நிலமில்லாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவாகவே கிடைத்தது. இந்தக் குறையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மொத்தமாகக் கொடுத்து முடிப்பது என்ற யோசனையில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. விசேஷம் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி, "இந்தாங்க உங்க மொய்" என்று கொடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? உங்கள் வட்டாரத்தில் வாங்கின தொகையைப் பைசா மாறாமல் திருப்பி வைத்தாலே இனி கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று அர்த்தம். நீங்கள் அதை நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வாரத்தில் சொல்லப் போகிறீர்கள். அதுவும் அம்மா அதே ஊரில் குடியிருக்கும்போது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னையில் நாம் எல்லாக் கணக்கையும் அன்றன்றே முடித்துவிடுகிறோம். நண்பரோடு காபி குடித்தால் பாதித் தொகையை ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம். பால் வாங்கிவரப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவதில்லை, அதற்கு ஆப் இருக்கிறது. யாருக்கும் நாம் பாக்கி இல்லை, நமக்கும் யாரும் பாக்கி இல்லை. யாரையும் எதிர்பார்க்காத வாழ்க்கை இது, கௌரவமானதும்கூட. ஆனால் ஒருவர் நம் வீட்டுக்கு வருவதற்கான காரணங்களை எல்லாம் நாமே ஒவ்வொன்றாக அடைத்துவிட்டோம். உங்கள் 240 வீடுகளில் ஒருவரைக்கூடக் கூப்பிட முடியாததற்கு அவர்கள் கெட்டவர்கள் என்பது காரணமில்லை. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பாதியில் நிற்கிற விஷயம் எதுவும் இல்லை.

இதற்காகப் பணம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும், பெரும்பாலும் அவர்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும், ஒரே விவசாயிக்கு இரண்டு முறை யோசனைத் திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். காசு முடை மனசின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உங்கள் அப்பா அதில் வாழ்ந்தார், நீங்கள் அதிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். அது சின்ன விஷயமில்லை.

வெளியே வந்த பிறகு என்ன என்பதில்தான் ஆய்வாளர்களே சண்டை போட்டார்கள். அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் எழுதினார்கள். இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்று மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021-இல் சொன்னார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், நடுவராக பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து 2023-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறத்தான் செய்கிறது. ஏற்கெனவே துயரத்தில் இருக்கிற சிறுபான்மையினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலர் வரை துயரம் குறைகிறது, அதற்கு மேல் பணம் உதவுவதில்லை. தனிமை, பிரிவு, இழப்பு போன்றவை சம்பள உயர்வால் நகர்வதில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். டாலர் கணக்கை அப்படியே ரூபாய்க்கு மாற்றி உங்களை அளக்க முடியாது. ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வெறுமை இந்த இரண்டாவது ரகம் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அடுத்த இன்கிரிமென்ட் அதற்கு மருந்தில்லை.

பணம் கொடுத்துவிட்டு வந்த வாரம் ஏன் மனசு லேசாக இருக்கிறது என்று கேட்டீர்கள். கனடாவில் எலிசபெத் டன்னும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஒரு சோதனை செய்தார்கள். காலையில் சிலருக்கு ஒரு கவரில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலை ஐந்து மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தனக்காக, சிலர் பிறருக்காக. மாலையில் கேட்டபோது பிறருக்காகச் செலவழித்தவர்கள்தான் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5-ஆ 20-ஆ என்பதில் வித்தியாசம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் இதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தன: கட்டாயத்துக்காகக் கொடுத்தால் அந்த மகிழ்ச்சி வருவதில்லை. இதை வைத்து உங்கள் குடும்பத்தைப் பாருங்கள். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பார்க்கும்போது உங்களுக்கு அது பில். மனைவிக்கும் பில்தான், அதுவும் அவர் வாங்காத பொருளுக்கு. அம்மாவோடு நேரில் போய், பந்தியில் உட்கார்ந்து, "இன்னாரு மவனா, அப்பன் ஜாடை அப்படியே இருக்கு" என்று நாலு பேர் சொல்லும்போதுதான் அது கொடையாகிறது. தொகை ஒன்றேதான். போனதால் வந்த லேசு அது.

சரி, இந்த அமைப்பைத் தூக்கிவைத்துப் பேசிவிட்டேன். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் வந்தால் மொய் செய்வதற்காகவே நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்நூறு ரூபாய் உங்களுக்கு ஒரு பீட்சா, கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் உழைப்பு. நோட்டில் இருப்பது பெரும்பாலும் ஆண்களின் பெயர். தோப்பில் தேங்காய் உரிக்கிறவர், ஊருக்கு வெளியே குடியிருக்கிறவர் பெயர் உங்கள் நோட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் இப்படிப்பட்ட கைமாற்றும் காப்பும் பெரும்பாலும் சாதி வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன என்று கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் போன்ற பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெளியூர் போனால் அந்த வட்டத்தின் பாதுகாப்பு போய்விடும் என்பதாலேயே நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஊரோடு நின்றுவிடுகிற ஆண்கள் உண்டு என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஊர்ப் பாசம் என்று நாம் சொல்வதற்குள் இந்தப் பயமும் இருக்கிறது. ஆகவே உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. அதற்கு 'எங்க ஊர் வழக்கம்' என்பது பதிலாகாது.

இனி என்ன செய்யலாம்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மனைவியும் வரட்டும். அம்மாவோடு மூன்று பேரும் நோட்டைப் பிரித்து உட்காருங்கள். பெயர் பெயராக அம்மா கதை சொல்வார். இவர் அப்பா செத்த அன்றைக்குக் கூடவே நின்றவர், இவர் தங்கை கல்யாணத்துக்கு வாழை கொண்டுவந்தவர், இவர் யாரென்றே தெரியாது, அரசியல் பழக்கத்தில் வந்தவர் என்று. மனைவிக்கு அதுவரை எண்ணாக இருந்தது அப்போதுதான் ஆளாகும். உங்களுக்கும்தான்.

அப்படிப் பார்க்கும்போது பெரிய தொகை எழுதியவர்களில் பலர் கௌரவத்துக்காக வந்தவர்களாக இருப்பார்கள். ஒப்பந்தக்காரர், கட்சிக்காரர், வட்டிக்கடைக்காரர். இவர்கள் விசேஷம் வரும்போது வாங்கினதை அப்படியே வைத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள், மனஸ்தாபம் வராது. அவர்களுக்கும் அது தொழில் கணக்குதான். 250, 500 என்று எழுதியவர்களை முடிக்காதீர்கள். அவர்களுக்குத் தவணை தவறாமல், கொஞ்சம் சேர்த்தே செய்யுங்கள். பொதுவாகக் குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பெரிய மனிதர்களை விடுவதில்லை, சின்னத் தொகைகளை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சின்னத் தொகை திரும்பி வருவதை நம்பித்தான் அங்கே ஒரு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும்.

பண ஏற்பாடு எளிது. 6 லட்சத்தை நாலு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500. உங்கள் சம்பளத்தில் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. அதை வங்கியில் ஆர்.டி.யாகப் போடுங்கள், மியூச்சுவல் ஃபண்ட் வேண்டாம். எந்த வீட்டில் எப்போது விசேஷம் வரும் என்று தெரியாத பணத்தைப் பங்குச் சந்தையில் வைத்தால் சந்தை இறங்கிய வாரத்தில்தான் மூன்று பத்திரிகை வரும். ஓய்வுக்கால முதலீடு தனியாக ஓடட்டும், இரண்டையும் போட்டிக்கு நிறுத்த வேண்டியதில்லை. பழைய மொய்க்கு மேல் புதிதாக எழுதுவதற்கு வருடத்துக்கு ஒரு உச்சவரம்பை நீங்களும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தொகை அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு போகட்டும். கவரில் அவர் பெயரையும் எழுதுங்கள்.

வருடத்துக்கு நாலைந்து விசேஷமாவது நீங்களே போங்கள். மற்றதுக்கு அம்மா போவார். முடியாதபோது ஜிபேயில் அனுப்பலாம், ஆனால் அனுப்பிவிட்டுப் போன் செய்து பேசுங்கள்.

அபார்ட்மென்டில் என்ன செய்வது என்றால், சங்கத்தில் சேருங்கள், யோகா வகுப்புக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏணி இரவல் கேளுங்கள். ஊரிலிருந்து வந்த பலாப்பழத்தை நாலு வீட்டுக்குக் கொடுங்கள், காலிப் பாத்திரம் திரும்பி வரும்போது அதில் ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரை ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பெட்ரோல் காசு வாங்காதீர்கள். கொஞ்சம் கடன் படுங்கள், கொஞ்சம் கடன் ஏற்றுங்கள். உங்கள் தலைமுறைக்கு வாங்கிக்கொள்வதுதான் கூச்சம், கொடுப்பதில் இல்லை.

கடைசியாக மாமா. அவர் சொல்வதில் தப்பில்லை, அவருடைய கணக்கில் அது சரி. ஆனால் விருந்து வைத்தால் பழைய பாக்கி வருவதோடு நிற்காது, மறுபடி பல லட்சம் புது மொய் ஏறும். தேவை இருந்த அப்பாவுக்கு அது கை கொடுத்தது. தேவை இல்லாத நீங்கள் அதை வாங்கினால் ஐம்பது வயது தாண்டியும் திருப்பிச் செய்துகொண்டிருப்பீர்கள். கூலிக்காரர் அடகு வைத்துக் கொண்டுவரும் ஐந்நூறும் அதில் இருக்கும். வீட்டில் பெண் குழந்தை இருந்தால், அவள் வயதுக்கு வருவதை மொய் வாங்க ஒரு சாக்காக்குவதற்கும் சம்மதிக்காதீர்கள். அந்த யோசனையும் சீக்கிரமே யாராவது சொல்வார்கள்.

வரி ஒன்று இருக்கிறது, மாமாவிடம் சொல்ல அது வசதியான காரணமும்கூட. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்குத்தான் வருமான வரி விலக்கு. மொய் விருந்துக்கும் காதுகுத்துக்கும் அது கிடையாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் வருமானமாகக் கணக்கிடப்படும். சட்டத்தின் கண்ணில் மாமாவும் சித்தப்பாவும் உறவினர்கள், அவர்களுடைய பிள்ளைகள் அல்ல. பழைய மொய் திரும்பி வருவது அன்பளிப்பா கடன் வசூலா என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்க வேண்டும், நோட்டைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இருக்காது. சம்பளத்திலேயே வரி பிடித்தம் ஆகிவிடுகிற உங்களுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

மாமாவிடம் போனில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள், வைகாசிக்குள். ஆனி பிறந்துவிட்டால் பந்தலுக்கும் கிடாவுக்கும் அவர் உங்கள் பங்குக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்திருப்பார்.